காக்கா ஜாமீன் போட்டதில்லை

(திரையில்: கீழக்கரை, காலை. பாதி திறந்த கடை ஷட்டர். உள்ளே ஒரு மஞ்சள் துணிப்பை தொங்குகிறது.)

காக்கா மௌத்தாகி, அதாவது இறந்து, நாற்பது நாள் ஆகிவிட்டது. பேரைச் சொல்ல வேண்டாம் என்று வீட்டில் கேட்டுக்கொண்டார்கள், பத்து வயசுப் பையனும் அறுபது வயசுக்காரரும் அவரைக் காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிட்டார்கள், நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன்.

ஜனாஸாவுக்கு வந்தவர்களில் பலர் என்னிடம் சொன்னது, "என் வங்கிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர் அவர்தான் தம்பி". தப்பு. மூன்று வருஷம் அந்தத் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் அலைந்தவன் நான், அவர் ஒருத்தருக்கும் ஜாமீன் போட்டதில்லை. சின்ன வியாபாரிகளுக்கு ஜாமீன் இல்லாமலே கடன் கிடைக்க வழி பண்ணினார், அது வேற வேலை.

(திரையில்: பையிலிருந்து கசங்கிய தாள்கள்.)

பையில் எப்போதும் ஒரு நகல் இருக்கும். சிறுதொழிலுக்கு 10 லட்சம் வரை கடன் கொடுக்கும்போது சொத்தை ஈடு கேட்கக் கூடாது என்று 2010ல் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு. வங்கியில் யாராவது வீட்டுப் பத்திரம் கொண்டுவா என்று சொன்னால் காக்கா சண்டை போட மாட்டார், அந்தத் தாளை மேஜையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். ஈடு இல்லாத கடனுக்கு வங்கி பக்கம் உத்தரவாதம் நிற்க 2000லிருந்தே ஒரு நிதியம் இருக்கிறது, அதை நம்ம ஆட்களிடம் யாரும் எடுத்துச் சொல்லவில்லை என்பதுதான் அவருக்குக் கோபம்.

சரி, ஒரு உதாரணம். தொதல் என்கிற இனிப்பைக் கிண்டி விற்கிற லாத்தா, அதாவது அக்கா, ஒருவர். தேங்காய்ப்பால், கருப்பட்டி, அரிசி மாவு, அப்புறம் மணிக்கணக்கில் அடுப்படியில் நின்று கிண்டுகிற கை. பெரிய உருளியும் பேக்கிங் மெஷினும் வாங்க 2 லட்சம் வேண்டும். காக்கா முதலில் விரட்டிவிட்டார்! "மூணு மாசம் தினம் வித்ததை எழுதிட்டு வா, வாய்க்கணக்கு பேங்குக்குப் புரியாது." லாத்தா அழுதுகொண்டே போனார், ஆனால் எழுதினார். அதற்குள் 100 ரூபாய் கட்டி உணவுப் பாதுகாப்புப் பதிவு, காசில்லாமல் உத்யம் என்கிற சிறுதொழில் பதிவு, இரண்டும் முடிந்தன.

(திரையில்: கணக்கு, கையெழுத்தில்.)

லாத்தா கடனுக்குப் போனது பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில், வங்கிக் கடனோடு அரசு மானியமும் உண்டு. 2022ல் திருத்திய விதிப்படி, சிறுபான்மையினருக்குக் கைக்காசு 5 சதவீதம் போதும், அதாவது 10,000. மானியம் நகரத்தில் 25, கிராமத்தில் 35 சதவீதம். கீழக்கரை நகராட்சி, அதனால் 50,000. இதே தொதலைப் பெரியபட்டினம் கிராமத்தில் கிண்டியிருந்தால் 70,000! பெண் என்பதற்கும் அதே சலுகைதான், ஆனால் இரண்டையும் கூட்டித் தர மாட்டார்கள், லாத்தா அதைக் கேட்டும் பார்த்தார். மானியம் கைக்கு வராது, மூன்று வருஷம் வங்கியிலேயே வைப்பாக இருந்துவிட்டு அப்புறம்தான் கடனில் கழியும். இது தெரியாமல் மானியத்தை நம்பி முதல் மாசமே செலவு பண்ணி மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

வட்டி ஹராம், வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். காக்கா வாதாடவே மாட்டார். நேராக பைத்துல்மாலுக்கு, அதாவது ஜமாஅத்தின் பொது நிதிக்கு, கூட்டிப்போவார், வட்டியில்லாக் கடன், சின்னத் தொகைதான், ஆனால் தள்ளுவண்டிக்கும் தையல் மெஷினுக்கும் அது போதும். பாம்பனில் கருவாடு விற்கிற அக்கா கிறிஸ்தவர், அவருக்கு வங்கிதான் சரி என்று ராமநாதபுரம் மாவட்டத் தொழில் மையத்துக்கு நாலு தடவை கூட அலைந்தார். பஸ் காசு இவருடையது.

எல்லாமே தேறியது என்று சொன்னால் பொய். ராமேசுவரத்தில் சங்குப் பொருள் விற்ற கடை ஒன்று 2020 ஊரடங்கில் யாத்திரைக்காரர்கள் வராமல் மூடியே போனது. அந்தத் தவணை பாக்கியைப் பற்றிக் காக்கா கடைசி வரை அடிக்கடி பேசிக்கொண்டிருந்தார், என்னைவிட்டுத் திரும்பத் திரும்ப அந்தக் கணக்கைப் பார்க்கச் சொல்வார், எனக்கே அலுத்துப்போகும்.

(திரையில்: நோட்டின் கடைசிப் பக்கம், பேர்கள் மறைக்கப்பட்டு.)

இது அவர் கடைசியாக எழுதிய பக்கம். இரண்டு பேர் பாக்கி. ஒருத்தருக்கு உத்யம் பதிவில் ஆதார் பேர் பொருந்தவில்லை, இன்னொருவர் இன்னும் மூணு மாசக் கணக்கு எழுதி முடிக்கவில்லை. திங்கட்கிழமை காலை பஸ்ஸில் முதல் ஆளோடு ராமநாதபுரம் போகிறேன். பை என்னிடம்தான் இருக்கிறது.