தகடுகளைத் திரட்டிய டாக்டர்

எல்லோருக்கும் வணக்கம். நாளைக்கு டாக்டராகப் போகிறவர்கள் நிறைந்த சபை இது. அதனால் துப்பாக்கி தூக்காத ஒரு இராணுவ அதிகாரியைப் பற்றிப் பேசுகிறேன். கேப்டன் நோயல் சவாஸ். முதல் உலகப் போரில் 'லிவர்பூல் ஸ்காட்டிஷ்' படைப்பிரிவின் டாக்டர்.

அப்பா லிவர்பூல் பிஷப். இவரும் உடன்பிறந்த இரட்டையர் கிறிஸ்டோபரும் 1908 லண்டன் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓடியவர்கள். அந்தக் கதை இருக்கட்டும். நேராக 1916 ஆகஸ்ட் 9-க்கு வருவோம்.

பிரான்ஸில் சோம் போர்க்களம், அதில் கீய்மோன் என்ற ஊர். பகலெல்லாம் வெட்டவெளியில், எதிரியின் கண்ணெதிரே, அடிபட்டவர்களுக்குக் கட்டுப் போட்டார். இரவில் எதிரி வரிசைக்கு முன்னால் நான்கு மணி நேரம் ஆட்களைத் தேடினார். மறுநாள் இவர் விலாவிலேயே குண்டுச்சில் பாய்ந்தது. விட்டாரா? அன்றிரவு இருபது பேரைக் கூட்டிக்கொண்டு போய், எதிரியின் பதுங்குகுழிக்கு இருபத்தைந்து கஜம் தள்ளி ஒரு பள்ளத்தில் கிடந்த மூன்று பேரைத் தூக்கி வந்தார். பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருது விக்டோரியா சிலுவை. அது அவருக்குக் கிடைத்தபோது வெளியான அரசுக் குறிப்பில் இதெல்லாம் இருக்கிறது. கூடவே இன்னொன்றும் இருக்கிறது: இறந்தவர்களின் அடையாளத் தகடுகளைத் திரட்டினார் என்று.

செத்தவன் கழுத்துத் தகட்டுக்காக உயிரோடிருக்கும் டாக்டர் ஏன் குண்டுமழையில் போகவேண்டும்? தகடு கிடைத்தால் வீட்டுக்குச் சாவுச் செய்தியாவது போய்ச் சேரும். கிடைக்காவிட்டால் 'காணவில்லை'. அம்மாக்காரி வருஷக்கணக்கில் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இதையும் வைத்தியத்தில் சேர்த்துத்தான் அவர் பார்த்தார் என்பது என் எண்ணம்.

1917 ஜூலை 31, பெல்ஜியத்தில் பாஷன்டேல் போர் தொடங்கிய நாள். தலையில் அடி. கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பி வந்துவிட்டார். கொட்டுகிற மழையில் இரவிரவாகத் தேடல். ஆகஸ்ட் 2 அதிகாலை, அவர் வைத்தியம் பார்த்த பதுங்கறைக்குள் குண்டு விழுந்து வயிற்றில் காயம். பிராண்ட்ஹூக் கள மருத்துவமனையில் அறுவை செய்தும் பலனில்லை. ஆகஸ்ட் 4-ல் இறந்தார். வயது 32. இரண்டாவது விக்டோரியா சிலுவை அவர் இறந்த பிறகே அறிவிக்கப்பட்டது.

உடலை ஊருக்குக் கொண்டுபோக முடியாது. போரில் இறந்த பிரிட்டிஷ் வீரர்களை விழுந்த நாட்டிலேயே புதைப்பது என்று முடிவாகியிருந்தது. பிஷப் மகனுக்கும் விலக்கில்லை. பிராண்ட்ஹூக் புதிய இராணுவக் கல்லறையில் 530 பேருக்கு நடுவே அவர் இருக்கிறார். கேப்டனுக்கென்று பெரிய கல் கிடையாது. சிப்பாய்க்கும் அதே அளவுதான். ஆனால் இரண்டு விக்டோரியா சிலுவைகள் செதுக்கிய கல் காமன்வெல்த் போர்க் கல்லறைகளில் இது ஒன்றுதான். அடியில் தந்தை தேர்ந்த பைபிள் வசனம்: 'ஒருவன் தன் சிநேகிதருக்காகத் தன் ஜீவனைக் கொடுக்கிற அன்பிலும் அதிகமான அன்பு ஒருவரிடத்திலுமில்லை.'

அந்தத் தந்தைக்கு இன்னொரு மகன், ஐடன். நோயலுக்கு இளையவர். அதே 1917 ஜூலையில், பெல்ஜியத்தின் ஈப்பர் நகர்ப் பக்கம் நடந்த ஒரு தாக்குதலில் காணாமல் போனார். எத்தனையோ வீடுகளுக்கு வரக்கூடாதென்று நோயல் அலைந்த அதே 'காணவில்லை', அவர் வீட்டுக்கே வந்தது. உடல் கிடைக்கவேயில்லை. ஐடனுக்குக் கல்லறை இல்லை. ஈப்பர் நகரில், கல்லறை இல்லாதவர்களுக்கான நினைவுச்சின்னமான மெனின் வாசல் சுவரில் 54,000-க்கும் மேற்பட்ட பெயர்களுக்கு நடுவே ஒரு பெயர் இருக்கிறது. பெல்ஜியம் போனால் இரண்டு இடத்தையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். மெனின் வாசலில் இந்திய வீரர்களின் பெயர்களும் இருக்கின்றன, அதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.