கன்னுக்குட்டி ஏன் வெள்ளையா இருக்குது?

(கோபிசெட்டிபாளையத்தில் செவிலியர் படிப்பு மாணவிகளிடம் பேசியது)

எல்லோருக்கும் வணக்கமுங்க. நான் டாக்டர் இல்லை. முப்பது வருடம் டிராயிங் வாத்தியாராக இருந்தவன். ஆஸ்பத்திரியில் ஓவியம் வைத்தால் நோயாளிக்கு நல்லதா என்று பேசச் சொன்னார்கள். நல்லதுதான். ஆனால் எந்தப் படம், யார் பார்க்க என்ற விஷயத்தில் நான் ஒருமுறை வசமாகத் தோற்றிருக்கிறேன். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து பதினொரு நாள் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பேர் வேண்டாம். மல்லாந்து படுத்திருக்கிற ஆளுக்குச் சுவர் பாதிதான் தெரியும். முழுசாகத் தெரிவது சீலிங். அங்கே ஒரு டியூப் லைட், ஒரு ஃபேன், அப்புறம் மழைத்தண்ணீர் இறங்கிய கறை. மூன்றாம் நாள் அம்மா சொன்னார்: "அது எருமையாட்டவே இருக்குது கண்ணு. கொம்பு மட்டும் ஒண்ணுதான்."

மகன் படம் போடுகிறவன், விடுவேனா? பரிசு வாங்கிய என் படம் ஒன்றைக் கொண்டுபோய்க் கால்மாட்டுச் சுவரில் மாட்டினேன். நவீன ஓவியம். சிவப்பும் கறுப்பும் கட்டம் கட்டமாக இருக்கும். அன்று ராத்திரி அம்மா நர்ஸைக் கூப்பிட்டு, "அந்தப் படத்தைச் செவுத்துப் பக்கம் திருப்பி வெச்சுரு அம்மணி, பார்த்தாலே படபடங்குது" என்றாராம். காலையில் போனேன். பிரேமின் முதுகுப் பக்கம்தான் எனக்கு வணக்கம் சொன்னது.

அம்மாவுக்கு ஓவியம் தெரியாது என்று மனதுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிற்பாடு படித்தால், ஸ்வீடனில் உப்சாலா மருத்துவமனையில் இதய அறுவை சிகிச்சை முடிந்தவர்களிடமும் இதே கதை. நீரும் மரமும் உள்ள படத்தைப் பார்த்தவர்களுக்குப் பதற்றம் குறைந்திருக்கிறது. நேர்கோட்டுக் கட்டங்களாலான நவீனப் படமோ, படமே இல்லாததைவிட மோசம். இதில் பேர் போனவர் ரோஜர் உல்ரிக். 1984ல் அவர் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவில் பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரின் பழைய பதிவேடுகளைப் பார்த்தார். பாதிப் பேரின் ஜன்னலில் மரங்கள், பாதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் கிட்டத்தட்ட முக்கால் நாள் முன்னால் வீடு போனார்கள். கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. முக்கால் நாள்தானா என்று கேட்கலாம். அறை வாடகை கட்டுகிறவரிடம் கேட்டுப் பாருங்கள்.

பெருந்துறையில் காசநோய்க்காரர்களுக்கென்று இருந்த இடத்தை ஊர்க்காரர்கள் இன்னமும் சானடோரியம் என்றுதான் சொல்கிறார்கள். பின்லாந்தில் பைமியோ என்ற ஊரிலும் அப்படி ஒன்று, 1933ல் திறந்தது. கட்டியவர் ஆல்வார் ஆல்ட்டோ. படுத்துக் கிடப்பவர் என்ன பார்ப்பார் என்றே யோசித்திருக்கிறார் மனுஷன். சீலிங்குக்கு வெள்ளையடிக்காமல் கரும்பச்சை பூசினார். விளக்கைக் கண்ணில் அடிக்காத இடத்தில் வைத்தார். பக்கத்துக் கட்டில்காரர் தூக்கம் கெடக்கூடாதென்று, தண்ணீர் சத்தமில்லாமல் விழும்படி கைகழுவும் தொட்டியைச் சாய்த்து அமைத்தார்.

அப்போ எங்கேயும் மரமும் குளமும் மாட்டினால் போதுமா? அதுவும் இல்லைங்க. அதற்கு ஒரு பழைய கதை சொல்கிறேன். கம்புப் பயிரில் தேன் ஒழுகல் என்று ஒரு பூஞ்சை நோய் வரும். விதையை உப்புத் தண்ணீரில் போட்டு மிதப்பதை வழித்து எறிவோமே, அதுதான். அதே வகைப் பூஞ்சை ஐரோப்பாவில் ரை தானியத்தில் வந்தது. அந்த ரொட்டியைத் தின்றவர்களுக்கு உடம்பு நெருப்பாய் எரிந்தது, கை கால் அழுகி விழுந்தது. ஐசன்ஹைம் என்ற ஊரில் அவர்களைப் பராமரித்த மடத்துக்கு, 1512லிருந்து 1516க்குள் க்ரூனவால்ட் என்ற ஓவியர் ஒரு பெரிய பீட ஓவியம் செய்தார். அதில் சிலுவையில் தொங்கும் ஏசுவின் உடம்பெல்லாம் புண். நோயாளிகளை அதன் முன்னால் கொண்டுவந்து விடுவார்கள். அழகான காட்சியே இல்லை. ஆனால் தன் புண்ணைச் சாமி மேலும் பார்த்தவனுக்கு அது வேறு மாதிரி ஆறுதலாக இருந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சரி, அம்மாவிடம் வருகிறேன். இரண்டாம் தடவை கேட்டுக்கொண்டுதான் வரைந்தேன். காங்கேயம் பக்கம் எங்கள் கொறங்காடு, அதாவது மாடு மேய்கிற காடு: கிளுவை வேலி, வெள்வேல மரம், கொழுக்கட்டைப் புல், மேய்கிற பசு, பக்கத்தில் கன்று. மாட்டியதும் ரொம்ப நேரம் பார்த்தார். "கன்னுக்குட்டி ஏன் வெள்ளையா இருக்குது?" காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலை. ஆறு மாசம் ஆனால்தான் நிறம் மாறும். அந்த மண்ணில் பிறந்தவன், எனக்கே மறந்துவிட்டது. உட்கார்ந்து பூசினேன். "காதுகிட்ட இன்னுங் கொஞ்சம்." அன்றுதான் அம்மா தலையணையை நிமிர்த்தி வைக்கச் சொல்லி, தானாக எழுந்து உட்காரப் பார்த்தார். படத்தால்தான் குணமானார் என்று சொல்ல மாட்டேன். குணமாக்கியது டாக்டர் வைத்த பிளேட்டும் உங்களைப் போன்ற பிள்ளைகளும்தான்.

எதிர் அறையில் பல்லடத்துக்காரர் ஒருவர், காலில் மாவுக்கட்டு. விசைத்தறி ஓட்டுகிறவர். கதவு வழியாகக் கன்றைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். உங்களுக்கு ஒரு தறி வரைந்து தரட்டுமா என்றேன்.

"ஐயோ, வேண்டாமுங்க! அந்தச் சத்தத்துக்குத் தப்பிச்சு இப்பத்தான் படுத்திருக்கறேன். கொடிவேரி அணையில தண்ணி விழுகுமில்லீங்க, அதைப் போட்டுக் குடுங்க."