மதினிக்கும் ஒரு பணி நிறைவு விழா

நேயர்களுக்கு வணக்கம்.

வாத்தியார் ஒருவர் ஓய்வு பெற்றால் மாலை, பொன்னாடை, குரூப் போட்டோ எல்லாம் உண்டு. வேன் பிடித்து வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விடுவார்கள். நம் நெல்லை, தென்காசிப் பக்கத்து முக்கூடலிலும் வீரவநல்லூரிலும் மேலப்பாளையத்திலும் கடையத்திலும் முப்பது வருஷம் பீடி சுற்றிய பெண்ணுக்கு அப்படி ஒரு நாள் வருவதே இல்லை. கண் மங்கும், இடுப்பு பிடிக்கும், பீடி சுற்றின தட்டு பரணுக்குப் போகும். அதோடு சரி. இன்றைக்கு நான் பேச வந்திருப்பது அந்தப் பெண்களின் வீட்டுக்காரர்களிடம். அண்ணாச்சிமாரே, அந்த நாளை நீங்கள்தான் உண்டாக்க வேண்டும்.

எந்த நாள் என்று கேட்டால், 58 வயது முடிகிற நாள். வீட்டுத் திண்ணையில் இருந்து சுற்றினாலும் அவர் தொழிலாளிதான் என்று 1966-ஆம் வருஷத்துப் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டமே சொன்னது. 1977-இல் பீடித் தொழிலுக்குப் பி.எஃப்., அதாவது வருங்கால வைப்பு நிதி, வந்தது. 58 முடிந்தால் முழு ஓய்வூதியம். வாத்தியாருக்கு இருப்பது போலவே உங்கள் வீட்டுக்காரிக்கும், அதாவது எங்கள் மதினிக்கும், ஒரு தேதி இருக்கிறது. நாம் அதைக் காலண்டரில் குறிப்பதில்லை, அவ்வளவுதான்.

அவர் செய்த வேலை என்ன என்பதை முதலில் கணக்குப் பார்த்துவிடுவோம். ஒரு நாளைக்கு 600 பீடி, மாதம் 25 நாள் என்று வையுங்கள். வருஷத்துக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம். முப்பது வருஷத்துக்கு 54 லட்சம். அத்தனைக்கும் ஒவ்வொன்றாக நூல் சுற்றியிருக்கிறார். ஆயிரம் பீடிக்குச் சுமார் 250 கிராம் தூள் ஆகும். அப்படியானால் அவர் மடியில் இருந்த தட்டு வழியாக ஒன்றேகால் டன்னுக்கு மேல் புகையிலைத் தூள் போயிருக்கிறது. அந்தத் தூளின் நெடியைத்தான் அவர் மூச்சோடு இழுத்தார். பீடி நல்ல பொருள் என்று நான் சொல்ல வரவில்லை. குடிக்கிறவருக்கும் கேடு, சுற்றுகிறவருக்கும் கேடு. ஆனால் கை வேலை கை வேலைதான்.

அந்தக் கை வேலையைக் கொஞ்சம் பாருங்கள். பீடி இலை மத்தியப்பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா காடுகளில் இருந்து காய்ந்து வருகிறது. நனைத்து, ஈரச் சாக்கில் சுற்றி வைக்க வேண்டும். ஈரம் கூடினால் பூசணம் பிடிக்கும், குறைந்தால் சுற்றும்போது கீறும். எவ்வளவு ஈரம் என்பதற்கு அளவுகோல் கிடையாது, விரல்தான் சொல்ல வேண்டும். ஐப்பசி மழையில் ஒரு ஈரம், சித்திரை வெயிலில் ஒரு ஈரம். அப்புறம் தகர அச்சை இலைமேல் வைத்துக் கத்தரியால் வெட்டுவது. ஆயிரம் பீடிக்கு அறுநூறு, எழுநூறு கிராம் இலை கம்பெனிக் கடையில் கொடுப்பார்கள். நரம்பு தடித்தது, ஓட்டை விழுந்தது எல்லாம் அதற்குள்ளேயே வரும். ஒரு இலையில் இரண்டு துண்டு எடுப்பதா, மூன்று எடுப்பதா என்று அரை நொடியில் முடிவு செய்யத் தெரிந்தவருக்குத்தான் கொடுத்த இலை போதும். தெரியாவிட்டால் சொந்தக் காசில் இலை வாங்கிக் கணக்கை நேர் செய்ய வேண்டும். தூளை அள்ளி வைப்பதும் அப்படித்தான். இறுக்கினால் புகை இழுக்காது, தளர்த்தினால் தூள் கொட்டும். இரண்டுமே கடையில் கழிவாகப் போகும், கழிவுக்குக் கூலி கிடையாது. இத்தனையும் பார்த்து, முனை மடக்கி, நூல் சுற்றி, 25 பீடி ஒரு கட்டாக நாற்பது கட்டு சேர்த்தால் ஆயிரம். பழகின கைக்கே ஆயிரம் என்பது காலையில் உட்கார்ந்தால் இருட்டும் வரை ஆகிற வேலை. நடுவில் உலை வைக்க, பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்ப, தண்ணீர் பிடிக்க எழுந்திருக்கவும் வேண்டும்.

ஆகவே விழா வையுங்கள். அந்தக் கத்தரியையும் தகர அச்சையும் காயலான் கடைக்குப் போடாமல் துடைத்து எடுத்து வையுங்கள், பேரப்பிள்ளை பார்க்கட்டும். ஆனால் பொன்னாடைக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அட்டை. பி.எஃப். அட்டையைத்தான் சொல்கிறேன். இதை நான் எங்கே போனாலும் சொல்வேன், இன்றைக்கும் சொல்வேன். 58 வந்த பிறகு அட்டையைத் தேடாதீர்கள், 55-இலேயே எடுத்துப் பாருங்கள்.

என்ன பார்க்க வேண்டும்? முதலில் பெயர். அட்டையில் இசக்கியம்மாள், ஆதாரில் எசக்கி. அட்டையில் முத்துலெட்சுமி, பாங்கியில் முத்துலட்சுமி. அட்டை போடும்போது அப்பா இனிஷியல், கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த ஆதாரில் உங்கள் பெயர். ஆள் ஒன்றுதான் என்று ஊருக்கே தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. விண்ணப்பம் திரும்பி வரும். இரண்டாவது, பிறந்த தேதி. அந்தக் காலத்தில் உத்தேசமாக ஒரு வயசைச் சொல்லி எழுதியிருப்பார்கள். இந்த இரண்டையும் திருத்த, தொழிலாளியும் கம்பெனியும் சேர்ந்து கையெழுத்துப் போடுகிற ஜாயின்ட் டிக்ளரேஷன் படிவம் இருக்கிறது. கம்பெனி திறந்திருக்கும்போதே போடுங்கள். மூடின கம்பெனியில் கையெழுத்து வாங்குவது பெரும்பாடு.

மூன்றாவதுதான் வயிற்றெரிச்சல். கல்யாணத்துக்கு முன் அம்மா வீட்டில் சுற்றினார் அல்லவா, அது யார் அட்டையில்? பெரும்பாலும் அம்மா அட்டையில். மகள் சுற்றிய வருஷங்கள் அம்மா கணக்கில் ஏறிவிட்டன, அதைப் பிரிக்க வழியில்லை. ஆனால் அவர் பெயரிலேயே பிறந்த ஊரில் ஓர் அட்டையும் புகுந்த ஊரில் ஓர் அட்டையும் இருந்தால், இரண்டையும் யுஏஎன் என்கிற ஒரே பி.எஃப். அடையாள எண்ணுக்குக் கீழே சேர்க்கலாம், சேர்க்கவும் வேண்டும். ஓய்வூதியத்துக்குக் குறைந்தது பத்து வருஷ சர்வீஸ் தேவை. ஒன்பதரை இருந்தாலே பத்தாக எடுத்துக்கொள்வார்கள். இங்கே ஆறு வருஷம், அங்கே நாலு வருஷம் என்று தனித்தனியாகக் கிடந்தால் இரண்டும் வீண். பத்து முடியும் முன்னே அவசரத்துக்கு என்று ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து எடுத்திருந்தால், அந்த வருஷங்கள் போனது போனதுதான்.

எவ்வளவு வரும்? கடைசி அறுபது மாதச் சம்பளத்தின் சராசரியை சர்வீஸ் வருஷத்தால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். சர்வீஸ் இருபது வருஷமோ அதற்கு மேலோ இருந்தால் இரண்டு வருஷம் கூட்டிக் கொள்வார்கள். சராசரி 4000 ரூபாய், சர்வீஸ் 25 என்றால், 27-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்தால் சுமார் 1543 ரூபாய். 2014 செப்டம்பரில் குறைந்தபட்சம் 1000 என்று வைத்தார்கள். ஆயிரம் என்ன தொகை என்பீர்கள். சிறிய தொகைதான், எனக்கும் அந்த வருத்தம் உண்டு. ஆனாலும் யாரிடமும் கை நீட்டாமல் மாதாமாதம் அவர் கணக்கில் ஏறுகிற தொகை. 50 வயதிலேயே வாங்கலாம், ஆனால் 58-க்கு முந்தின ஒவ்வொரு வருஷத்துக்கும் 4 சதவீதம் குறையும். 60 வரை பொறுத்து வாங்கினால் வருஷத்துக்கு 4 சதவீதம் கூடும்.

விண்ணப்பம் 10டி படிவம். அதற்குக் கணவனும் மனைவியும் சேர்ந்து எடுத்த போட்டோ வேண்டும். அண்ணாச்சி, அதை விழா அன்றைக்கே எடுத்துவிடுங்கள், ஒரு பட்டுச்சேலை இரண்டு வேலைக்கும் ஆயிற்று. பி.எஃப். பணத்துக்குத் தனியாக 19-ஆம் படிவம்.

விழாவுக்கு யாரைக் கூப்பிடுவது? வளவில் கூடவே உட்கார்ந்து சுற்றினவர்களை, இலை நிறுத்துக் கொடுத்த கடைக்காரரை. சாப்பாட்டுக்கு மறுவீட்டுச் சொதியும் இஞ்சிப் பச்சடியும் போதும். தேங்காய் துருவுவதும் பால் பிழிவதும் அன்றைக்கு உங்கள் வேலை. முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, கொதிக்கவிடாமல் இறக்க வேண்டும், கொதித்தால் திரிந்துவிடும்... எதிரே கை காட்டுகிறார்கள், நேரம் நெருங்கிவிட்டது. பரிசுப் பொருள் பற்றி நிறைய வைத்திருந்தேன். சுருக்கமாக, கண் பரிசோதித்து ஒரு கண்ணாடி, முதுகு சாய ஒரு நாற்காலி.

கடைசியாக ஒன்று. ஓய்வூதியம் வந்த பிறகு வருஷத்துக்கு ஒரு தடவை உயிர்ச்சான்று கொடுக்க வேண்டும். இத்தனை வருஷம் இலையும் தூளும் தேய்த்த விரலில் ரேகை சில சமயம் மெஷினில் விழாது. விழாவிட்டால் திரும்பி வந்துவிடாதீர்கள், முகத்தைக் காட்டிப் பதிகிற முறை இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். தபால்காரரே வீட்டுக்கு வந்தும் பதிந்து தருவார். வாரிசு நியமனத்தையும் ஒரு தடவை சரி பாருங்கள். வணக்கம்.