கஷாயத்தையும் மாத்திரையையும் ஒரே மேசையில் வையுங்கள்

வணக்கம் நேயர்களே. மாற்று மருத்துவம் பற்றிப் பேசுமாறு உங்களில் பலர் நீண்ட நாள்களாகக் கேட்டு வருகிறீர்கள். உடல் தன்னைத்தானே குணப்படுத்திக்கொள்ளுமா, சித்த மருத்துவம், ஆயுர்வேதம், அக்குபங்சர், யோகா, தியானம் ஆகியவற்றை எந்த அளவுக்கு நம்பலாம் என்பவை உங்கள் கேள்விகள். சிங்கப்பூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களை மனத்தில் வைத்தே இன்று பேசுகிறேன். நம் வீடுகளில் பலதுறை மருந்தகம் (பாலிகிளினிக்) கொடுத்த மாத்திரைகள் ஒரு டப்பாவிலும், ஊரிலிருந்து வந்த சூரணமும் லேகியமும் இன்னோர் அலமாரியிலும் இருக்கின்றன. ஒன்றைக் கொடுத்தவருக்கு மற்றொன்று இருப்பதே தெரிவதில்லை. என் கவலை முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

உடலுக்குத் தன்னை ஆற்றிக்கொள்ளும் வல்லமை உண்டு என்பதில் ஐயமே வேண்டாம். கல்லீரல் தானம் செய்பவரின் உடலிலிருந்து பாதிக்கும் மேற்பட்ட பகுதியை வெட்டி எடுத்தாலும், எஞ்சிய பகுதி சில மாதங்களில் ஏறக்குறையப் பழைய அளவுக்கு வளர்ந்துவிடுகிறது. கை எலும்பு முறிந்தால் மருத்துவர் அதை நேராக்கி மாவுக்கட்டுப் போடுகிறார். ஒட்டிக்கொள்ளும் வேலையை எலும்பேதான் செய்கிறது. ஆனால் இதே உடலில் முழங்கால் மூட்டின் குருத்தெலும்புக்கு இரத்த நாளம் கிடையாது; தேய்ந்த பிறகு அது பழையபடி வளர்வதில்லை. முதல் வகை நீரிழிவில் அழிந்துபோன இன்சுலின் சுரக்கும் செல்களும் மூச்சுப் பயிற்சியால் திரும்பி வருவதில்லை. ஆகவே 'முழு உடலும் தானே குணமாகும்' என்று ஒருவர் சொல்லும்போது, எந்த உறுப்பு, எந்த நோய், எந்தக் கட்டம் என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டும். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் நழுவுகிறவரிடம் உங்கள் உடலை ஒப்படைக்காதீர்கள்.

சிகிச்சை வேலை செய்கிறது என்று நாம் எதை வைத்துச் சொல்கிறோம்? இதற்கு 2011ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆஸ்துமா ஆய்வை நான் அடிக்கடி எடுத்துக்காட்டுவதுண்டு. அதில் நோயாளிகளுக்கு வெவ்வேறு நாள்களில் மருந்துள்ள இன்ஹேலர், மருந்தில்லாத இன்ஹேலர், குத்துவதுபோல் பாவனை மட்டும் செய்யும் போலி அக்குபங்சர் ஆகியவற்றைக் கொடுத்தார்கள். சில நாள்களில் எதையும் கொடுக்காமல் காத்திருக்க மட்டும் வைத்தார்கள். எப்படி இருக்கிறது என்று கேட்டபோது, மூன்று சிகிச்சைகளிலும் ஏறத்தாழ ஒரே அளவு முன்னேற்றத்தை, அதாவது 45 முதல் 50 விழுக்காடு வரை, நோயாளிகள் உணர்ந்திருந்தார்கள். ஆனால் கருவியில் ஊதச் சொல்லி மூச்சின் வேகத்தை அளந்தபோது, மருந்துள்ள இன்ஹேலர் மட்டுமே 20 விழுக்காடு முன்னேற்றம் காட்டியது; மற்ற மூன்றும் 7 விழுக்காட்டோடு நின்றுவிட்டன.

இந்த முடிவை மாற்று மருத்துவத்தின் மேல் எறியும் கல்லாகப் பயன்படுத்துவோரோடு நான் உடன்படவில்லை. நம்பிக்கையால் வரும் வலி நிவாரணத்துக்கு உடலுக்குள்ளேயே ஓர் இயக்கம் இருக்கிறது. பல் பிடுங்கியவர்களிடம் 1978இல் செய்யப்பட்ட ஆய்வில், போலி மருந்தால் குறைந்த வலி, மூளையின் இயற்கையான வலிநிவாரணிகளைத் தடுக்கும் நலோக்சோன் என்ற மருந்தைக் கொடுத்தவுடன் திரும்பி வந்தது. ஒருவர் நம் கையைப் பிடித்து, பேச்சை முழுவதும் கேட்டு, அவசரப்படாமல் சிகிச்சை தரும்போது கிடைக்கும் ஆறுதல் வெறும் கற்பனையன்று. ஆயினும் அந்த ஆறுதலை நம்பி, மூச்சுக்குழாய் சுருங்கிக் கிடக்கும் ஒருவர் இன்ஹேலரைத் தூக்கி எறிந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.

முதுகுவலி விஷயத்தில் நிலைமை வேறு. நாள்பட்ட முதுகுவலிக்கு மாத்திரைக்கு முன்பாக உடற்பயிற்சி, அக்குபங்சர், யோகா, தை சி என்னும் மென்மையான சீன உடற்பயிற்சி போன்றவற்றை முயலுமாறு அமெரிக்க மருத்துவர் கல்லூரியே 2017இல் பரிந்துரைத்தது. அதே ஆண்டில் 320 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்றில், 12 வார யோகா வகுப்பு இயன்முறை மருத்துவத்துக்கு இணையான பலனைத் தந்தது. சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை, டான் டோக் செங் மருத்துவமனை போன்ற அரசாங்க மருத்துவமனைகளிலேயே அக்குபங்சர் கிடைக்கிறது. ஊசி என்றதும் இரத்தம் எடுக்கும் ஊசியை நினைத்துப் பயப்படுகிறவர்களுக்காகச் சொல்கிறேன்: அது தலைமுடியைவிடச் சற்றே தடிமனானது, உள்ளே துளையில்லாதது. குத்திய இடத்தில் கூர்மையான வலியைவிட, தசைக்குள் ஏதோ கனமாக இழுப்பது போன்ற மந்தமான உணர்வே ஏற்படும். ஒவ்வொரு முறையும் புதிய ஊசியின் உறை உங்கள் கண் முன்னே பிரிக்கப்படுகிறதா என்று பாருங்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவராக இருந்தால் படுக்கையில் ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள்.

இப்போது இந்தப் பொட்டலத்தைக் கேமராவுக்கு அருகில் கொண்டு வருகிறேன். என் உறவினர் ஒருவர் மூட்டுவலிக்காக ஊரிலிருந்து வாங்கி வந்தது. அவருடைய அனுமதியோடு காட்டுகிறேன். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பை, உள்ளே பழுப்புநிறத் தூள், மேலே ஸ்டேப்ளர் அடித்த ஒரு துண்டுக் காகிதம். அதில் பேனாவால் 'காலை, இரவு, சாப்பாட்டுக்குப் பின், வெந்நீரில்' என்று எழுதியிருக்கிறது. தயாரித்தவர் பெயர் இல்லை, சேர்மானம் இல்லை, தேதி இல்லை. 'மூன்றே நாளில் வலி பறந்துபோய்விட்டது' என்று அவர் மகிழ்ச்சியோடு சொன்னபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பல ஆண்டு மூட்டுவலி மூன்று நாளில் மறைகிறதென்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது, வலியையும் வீக்கத்தையும் வேகமாக அடக்கும் ஸ்டீராய்டு மருந்தின் கலப்பைத்தான். வலிநிவாரணத்துக்காக விற்கப்பட்ட இத்தகைய பொருள்களில் டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருந்ததைச் சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை கண்டுபிடித்துப் பொதுமக்களை எச்சரித்திருக்கிறது. முகம் உருண்டு உப்புவது, பசி பெருகுவது, இரத்தச் சர்க்கரை ஏறுவது, தோல் மெலிந்து எளிதில் கன்றிப்போவது ஆகியவை அதன் அடையாளங்கள். நெடுநாள் சாப்பிட்டவர் அதைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்தானது. உடலின் சொந்த ஸ்டீராய்டுச் சுரப்பு அதற்குள் அடங்கிப்போயிருக்கும் என்பதால், மருத்துவரின் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

உலோகக் கலப்பு அடுத்த கவலை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருள்களைச் சோதித்தபோது, அவற்றில் 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றுள் ஏதாவதொன்று இருந்ததென்று 2004இல் ஓர் ஆய்வு வெளியானது. பற்பமும் செந்தூரமும் உலோகங்களையும் தாதுக்களையும் புடமிட்டு நம் மரபில் முறைப்படி செய்யப்படும் மருந்துகள் என்பதை நான் அறிவேன், மதிக்கிறேன். ஆனால் சிங்கப்பூரில் பாரம்பரிய மருந்துகளுக்குப் பத்து லட்சத்தில் ஆர்சனிக் 5 பங்கும் பாதரசம் 0.5 பங்கும்தான் உச்ச வரம்பு. பெயரே எழுதாத பொட்டலம் அந்த வரம்புக்குள் இருக்கிறதா என்பதை முகர்ந்தோ சுவைத்தோ யாராலும் சொல்ல முடியாது.

தேக்காவிலும் பஃபலோ ரோட்டுக் கடைகளிலும் நாம் வாங்கும் சுக்கு, மிளகு, திப்பிலி பற்றி இவ்வளவு அஞ்ச வேண்டியதில்லை. ரசத்துக்கும் கஷாயத்துக்கும் போடும் அளவில் அவை நெடுங்காலமாக நம்மோடு இருப்பவை. இருந்தாலும் அதிமதுரத்தை நாள்தோறும் தொடர்ந்து சாப்பிட்டால் இரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடும் ஒருவர் தொண்டைக்கு இதமென்று அதைத் தினமும் மென்றால், மாத்திரை வேலை செய்யவில்லையே என்று மருத்துவர் அளவைக் கூட்டிக்கொண்டே போவார். கொவிட் காலத்தில் நோய் எதிர்ப்புச் சக்திக்காகச் சீந்தில் சாப்பிட்ட ஆறு பேருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதாக மும்பை மருத்துவர்கள் 2021இல் எழுதினார்கள். பாரம்பரிய மருத்துவத்தைக் கவனிக்கும் இந்தியாவின் ஆயுஷ் அமைச்சு அதை மறுத்தது. சண்டை எப்படி முடிந்தாலும், கண் மஞ்சளாகி, சிறுநீர் அடர்நிறமாகப் போனால் எல்லாச் சூரணங்களையும் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

யாரிடம் சிகிச்சை பெறுகிறோம் என்பதும் முக்கியம். சீன மருத்துவத்துக்கு இங்கே 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவேடு உண்டு. மருத்துவரின் பெயரை இணையத்தில் தேடிப் பார்த்துக்கொள்ளலாம். 1867இல் தொடங்கி, இனம் பாராமல் இலவசமாகச் சிகிச்சை அளித்துவரும் தோங் சாய் மருத்துவ நிலையம் அந்த மரபின் பெருமை. சித்த மருத்துவத்துக்கும் ஆயுர்வேதத்துக்கும் அத்தகைய சட்டபூர்வப் பதிவேடு சிங்கப்பூரில் இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். அதனால் கேட்கும் பொறுப்பு நம்முடையதாகிறது: இந்தியாவில் ஐந்தரை ஆண்டு சித்த மருத்துவப் பட்டப்படிப்பு முடித்தவரா, அங்கே பதிவு செய்தவரா என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல வைத்தியர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நீரிழிவைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவடையாது. பிரிட்டனில் நடந்த டைரக்ட் ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவு வந்து ஆறு ஆண்டுகளுக்கு மேற்படாத, இன்சுலின் போடாத நோயாளிகள் சில மாதங்கள் நாளுக்கு ஏறத்தாழ 850 கலோரி உணவில் இருந்து எடையைக் குறைத்தார்கள். ஓராண்டு முடிவில் அவர்களில் 46 விழுக்காட்டினருக்கு மருந்தில்லாமலே சர்க்கரை நோயற்ற அளவுக்கு இறங்கியது. உடல் தன்னைச் சரிசெய்துகொள்ளும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் மருத்துவக் குழுவின் கண்காணிப்பில், இரத்தப் பரிசோதனையோடு இதைச் செய்தார்கள். நீங்கள் பாகற்காய்ச் சாறு குடித்தாலும் வெந்தயம் சாப்பிட்டாலும், மூன்று மாத இரத்தச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். இரத்தச் சிவப்பணுக்களில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை அது அளக்கிறது; அந்த அணுக்கள் ஏறத்தாழ 120 நாள் வாழ்வதால், அந்த எண் உங்கள் நம்பிக்கையையும் என் பேச்சையும் பொருட்படுத்தாமல் நடந்ததைச் சொல்லிவிடும்.

புற்றுநோயில் மட்டும் நான் சற்றும் விட்டுக்கொடுக்க மாட்டேன். வழக்கமான சிகிச்சையைத் தவிர்த்து மாற்று மருத்துவத்தை மட்டும் தேர்ந்தெடுத்த 281 நோயாளிகளை ஆராய்ந்து 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வில், அவர்களுக்கு மரண ஆபத்து இரண்டரை மடங்காக இருந்தது. மார்பகப் புற்றுநோயில் ஐந்து மடங்குக்கும் மேல். கீமோதெரபியின் குமட்டலுக்கு அக்குபங்சரோ, உறக்கத்துக்குத் தியானமோ சேர்த்துக்கொள்ளுங்கள், நல்லது. அறுவைச் சிகிச்சையின் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்த முறை பலதுறை மருந்தகத்துக்குச் செல்லும்போது, வீட்டிலுள்ள சூரணம், லேகியம், தைலம், சீன மருந்து எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். முடியாவிட்டால் உறையின் இரு பக்கங்களையும் படம் பிடித்துக்கொள்ளுங்கள். திட்டுவார்களோ என்று அம்மா அப்பா தயங்கினால், மருத்துவரைப் பார்க்கும் முன் மருந்தாளரிடம் காட்டலாம். எப்போது தொடங்கினார், ஒரு நாளைக்கு எத்தனை கரண்டி, எந்த மாத்திரைக்கு எவ்வளவு நேரம் முன்போ பின்போ சாப்பிடுகிறார் என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி உடன் கொடுத்தால், அவர்களால் சரியாகப் பார்த்துச் சொல்ல முடியும்.