துவைச்ச கை சோம்பேறிக் கையா?

நடுவர் அவர்களே, எதிரணியினரே, ஆறு மணிக்கே பாய் விரிச்சு முன்வரிசை பிடிச்ச தாய்மார்களே, வணக்கம். நேரம் கம்மி, நேரா சண்டைக்கு வந்துடுறேன்.

'உடற்பயிற்சி பாதியில நின்னு போகக் காரணம் சோம்பலா, சூழலா?' நான் சூழல் கட்சி. எதிரணி அண்ணன் என்ன சொல்லிட்டு உக்காந்தாரு? "ட்ரெட்மில்லுன்னா கைப்பிடி வச்ச துணிக்கொடி. அதுல துணி காயப் போடுறவன் சோம்பேறி இல்லாம வேற யாரு?" நீங்களும் கைதட்டுனீங்க. யார் யார் தட்டுனீங்கன்னு பாத்து வச்சிருக்கேன்.

அண்ணே, துணி காயுதுன்னா அந்த வீட்டுல யாரோ துவைச்சிருக்காங்க. அலசிப் பிழிஞ்சு உதறிப் போட்டிருக்காங்க. சோம்பேறி வீட்டுல துணி எங்கண்ணே காயும்? வாளியில ஊறிக்கிட்டே கிடக்கும்!

சரி, மெஷினு எப்படிக் கொடியாச்சு? விசாரிச்சுடுவோம். ஒரு சாரு. பேரு வேண்டாம், தெருவுக்கு ஒருத்தர் இருக்காரு. ஆசையா ட்ரெட்மில்லு வாங்கிட்டாரு. ஹால்ல வைக்கலாம்னா சோபா நகர மாட்டேங்குது. பெட்ரூம்ல பீரோ. கடைசியில ஸ்டோர் ரூமு. எதிர்ல சுவரு, பக்கத்துல அரிசி மூட்டை, மேல ஃபேன் கிடையாது. அந்தப் புழுக்கத்துல அரை மணி நேரம் நடந்து பாருங்க, அப்புறம் சோம்பலைப் பத்திப் பேசுவோம்.

அதுலயும் மனுஷன் ஏறிட்டாரு. முதல் நாளே வேகம் மணிக்கு 8 கிலோமீட்டர், நேரம் 45 நிமிஷம். மூணாம் நாள் கணுக்காலுக்கு மேல, எலும்போரமா சுள்ளுனு வலி. ஏன்? மூச்சும் சதையும் சீக்கிரம் பழகிக்கும். எலும்புக்கும் தசைநாருக்கும் இன்னும் பல வாரம் வேணும். 4ல வச்சு 10 நிமிஷம் நடந்து, வாரத்துக்கு மூணு நாலு நிமிஷம் ஏத்தியிருந்தா வலி வந்திருக்காது. வேகம் சரியான்னு பாக்க மீட்டரே வேண்டாம். நடக்கும்போது பேச வரணும், பாட வரக் கூடாது. பாட்டு வந்தா வேகம் பத்தல, பேச்சே வரலைன்னா வேகம் ஜாஸ்தி. நடக்காமலே வீட்டுல பேச்சு வரலைன்னா அது வேற கேசு, நடுவர்கிட்ட தனியா கேட்டுக்குங்க.

வலி ஆறி, திரும்ப ஏறுறாரு. கவனிங்க, திரும்ப ஏறுறாரு! இப்ப மெஷினு கீச்சுங்குது. மாமியார் வந்து பாத்தாங்க. "எண்ணெ இல்லாம கத்துது மாப்ள"ன்னாங்க. நோயைச் சரியாத்தான் கண்டுபிடிச்சாங்க. மருந்துலதான் கோட்டை விட்டாங்க. தேங்காய் எண்ணெய்! "தலைக்கு ஆகுது, சமையலுக்கு ஆகுது, மெஷினுக்கு ஆகாதா?" அரை பாட்டிலு உள்ள போயிருச்சு. மறுநாள் சாரு ஏறுனா, சாரு போறாரு, பெல்ட்டு நிக்குது. பெல்ட்டு வருது, சாரு கைப்பிடியில தொங்குறாரு! நாலாவது நாள் எண்ணெயும் தூசியும் சேர்ந்து பிசுக்காயி, மோட்டாரு சூடேறி, டப்புனு நின்னுருச்சு. அரிசி மூட்டையைத் தேடி வந்த எறும்பெல்லாம் இப்ப மெஷின் மேல வாக்கிங் போகுது.

அதுக்கு ஊத்த வேண்டியது சிலிக்கோன் ஆயிலு. ப்ளக்கைப் பிடுங்கிட்டு, பெல்ட்டு ஓரத்தைத் தூக்கி, பெல்ட்டுக்கும் அடிப்பலகைக்கும் நடுவுல, காலு விழற இடமாப் பாத்து பக்கத்துக்கு ஒரு டீஸ்பூனு. அப்புறம் ஆள் ஏறாம கொஞ்ச நேரம் மெதுவா ஓட விடணும். எத்தனை மாசத்துக்கு ஒரு தடவைன்னு கூட வந்த புத்தகத்துலயே இருக்கும். அந்தப் புத்தகம் தெர்மாகோலோட சேர்ந்து குப்பைக்குப் போயிருச்சு. கடைக்காரர் இதைச் சொன்னாரா? தவணை தேதியை மட்டும் மூணு தடவை சொன்னாரு. இதுல சோம்பல் எந்த இடத்துலண்ணே வந்துச்சு?

நேரம் இல்லைங்கிறது சாக்குன்னாரு அண்ணன். உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்குச் சொல்றது வாரத்துக்குக் குறைஞ்சது 150 நிமிஷம், மிதமான வேகத்துல. ஒரே மூச்சா பத்து நிமிஷமாவது செஞ்சாத்தான் கணக்குங்கிற பழைய நிபந்தனையையும் 2020ல எடுத்துட்டாங்க. மாடிப்படி அஞ்சு நிமிஷம் ஏறுனாலும் வரவுதான். இதை யாரும் சொல்றதில்ல. பத்தாயிரம் அடின்னு மட்டும் பயமுறுத்துவாங்க. அது 1965ல ஜப்பான்ல ஒரு அடி எண்ணும் கருவியை விக்கிறதுக்குப் பிடிச்ச எண்ணு! அதை எட்ட முடியாம ஆறாயிரத்துலயே மனசு விட்டவங்க எத்தனை பேரு.

நடுவர் அவர்களே, அந்தத் துணியைத் துவைச்சது யாரு? அதைக் கேக்காம நான் இறங்க மாட்டேன். விடியக்காலை அடுப்படியில நிக்க ஆரம்பிச்ச அம்மா. நாள் முழுக்க நின்னு, குனிஞ்சு, தூக்கி, ராத்திரி முட்டியைப் பிடிச்சுக்கிட்டு உக்கார்ற அம்மா. அவங்க வாக்கிங் போகணும்னா தெருவுல நடைபாதை கிடையாது, இருக்கிற இடத்துல பைக் நிக்குது, திருப்பத்துல அஞ்சு நாய். அதனால மொட்டை மாடியில, நைட்டி மேல துண்டைப் போட்டுக்கிட்டு, தண்ணித் தொட்டியைச் சுத்திச் சுத்தி நடக்குறாங்க. அவங்களையாண்ணே சோம்பேறின்னீங்க?

இங்க உக்காந்திருக்கிற பிள்ளைங்களுக்குச் சொல்றேன். வீட்டுக்குப் போனதும், கை இல்லாத நாற்காலி ஒண்ணை நகராம சுவத்தோட ஒட்டிப் போடுங்க. அம்மாவைக் கையை ஊணாம பத்து தடவை எந்திரிச்சு உக்காரச் சொல்லுங்க, நீங்க பக்கத்துல நில்லுங்க. முடியலைன்னா மேல ஒரு தலகாணி போட்டு உயரத்தைக் கூட்டுங்க. தொடை வலுவானா முட்டிக்குப் பாரம் குறையும். வலி கூடுனா விட்டுட்டு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

அப்புறம் அம்மாவோட செருப்பைத் திருப்பிப் பாருங்க. அடி தேஞ்சு வழவழன்னு இருக்கும். ஒரு ஜோடி ஷூ வாங்கிக் குடுங்கய்யா! சாயங்காலமாக் கூட்டிட்டுப் போங்க, காலு லேசா வீங்கியிருக்கிற நேரம் அளவு சரியாத் தெரியும். முன்னால ஒரு பெருவிரல் அகலம் இடம் விட்டு வாங்குங்க. "எனக்கு எதுக்குடா இதெல்லாம்"பாங்க. விலையைச் சொல்லாதீங்க.

மணி அடிச்சுட்டீங்க. நன்றி, வணக்கம்.