பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம்

நேயர்களுக்கு வணக்கம்.

போன வாரம் முழுக்க, மும்பையில் மாட்டுங்காவில் ரயில் ஏறினால் பைகுளாவில் இறங்கும்வரை ஒரு பயங்கரக் கதை படித்துக்கொண்டிருந்தேன். மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’, 1818-இல் வந்த நாவல். கில்லெர்மோ டெல் டோரோ படமாக எடுத்திருக்கிறார். 2025 நவம்பர் 7 அன்று நெட்ஃபிளிக்ஸில் வந்தது. படம் பார்த்த பிறகு புத்தகத்தைத் திறந்தால் நடிகர் முகம்தான் வந்து நிற்கும். அதனால் முந்திக்கொண்டேன். ஃப்ளோரா ஃபவுண்டன் நடைபாதையில் எப்போதோ வாங்கிய பழைய பிரதி. தொட்டால் தாள் உதிர்கிறது.

ஃபிராங்கன்ஸ்டைன் என்பது பூதத்தின் பெயர் இல்லை, அதைச் செய்தவன் பெயர். பூதத்துக்கு அந்தப் புண்ணியவான் பெயரே வைக்கவில்லை. எட்டடி உயரத்தில் ஓர் உடம்பைச் சேர்த்து, அது கண் திறந்ததும் பயந்து அறையை விட்டே ஓடிவிடுகிறான். 1931-இல் வந்த படத்தில் போரிஸ் கார்லாஃப் தட்டைத் தலையோடு உறுமினாரே, அந்த உருவம்தான் என் மனசிலும் இருந்தது. நாவலில் கழுத்தில் போல்ட்டும் இல்லை, அது கண் திறக்கிற நேரத்தில் இடி மின்னலும் இல்லை. நவம்பர் மாத மழை, அணையப்போகிற மெழுகுவத்தி, அவ்வளவுதான். உறுமலும் கிடையாது. செய்தவனைவிட நன்றாகப் பேசுகிறது!

எங்கே கற்றது? ஒரு ஏழைக் குடும்பத்தின் வீட்டை ஒட்டிய கொட்டிலில் ஒளிந்துகொண்டு, கண்ணுக்கே தெரியாத ஒரு இடுக்கு வழியாக மாசக்கணக்கில் அவர்களைப் பார்த்து, கேட்டு, கற்கிறது. முதலில் பிடிபடுவது நெருப்பு, பால், ரொட்டி, விறகு. இளவயசில் படித்தபோது, கொலை எப்போது வரும் என்று இந்தப் பக்கங்களையெல்லாம் தள்ளிவிட்டுப் போயிருக்கிறேன்.

இந்த முறை தள்ள முடியவில்லை. தாராவியில் நான் வந்து இறங்கிய சாலில், அதாவது வரிசையாக ஒற்றை அறைகள் கொண்ட குடியிருப்பில், எங்கள் அறைக்கும் பக்கத்து மராத்திக் குடும்பத்துக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். விடியற்காலையில் அந்தம்மா “பாணி ஆலே!” என்று கத்துவார். குடத்தைத் தூக்கிக்கொண்டு மாமா ஓடுவதைப் பார்த்துத்தான், தண்ணீர் வந்துவிட்டது என்று அர்த்தம் புரிந்தது. அப்புறம் மண்ணெண்ணெய்க்கு ராக்கேல், டீக்கு சஹா. எல்லாம் பலகை வழியாக வந்ததுதான். நான் பாடம் படிப்பது அவர்களுக்குத் தெரியாது.

சரி, கதைக்கு வருகிறேன். அந்த வீட்டுப் பெரியவருக்குக் கண் தெரியாது. மற்றவர்கள் வெளியே போன நேரம் பார்த்து அது கதவைத் தட்டுகிறது. அவருக்குக் கேட்பது குரல் மட்டும்தான், இப்போது உங்களுக்குக் கேட்கிற மாதிரி. உள்ளே வரச் சொல்கிறார். பேச்சைக் கேட்டால் நம் ஊர்க்காரர் போலிருக்கிறதே, பிரெஞ்சுக்காரரா என்கிறார். இல்லை, ஒரு பிரெஞ்சுக் குடும்பத்திடம் கற்றேன், எனக்குத் தெரிந்தது அந்தப் பாஷை ஒன்றுதான் என்கிறது அது. அந்தக் குடும்பமே அவருடையதுதான் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இந்த இடத்தில்தான் பைகுளாவைத் தவறவிட்டேன். மஸ்ஜித் ஸ்டேஷனில் இறங்கி, திரும்புகிற வண்டிக்காக நின்றபடி மீதியைப் படித்தேன். மகன் வருகிறான், பார்க்கிறான், தடியால் அடிக்கிறான். ஒரே கையால் அவனைப் பிய்த்துப் போட்டிருக்க முடியும் அந்தப் பூதத்தால். திருப்பி அடிக்காமல் வெளியே போய்விடுகிறது.