அக்கா ரவிக்கையைப் பார்ப்பாள், நான் மரத்தைப் பார்ப்பேன்

உதகை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

சரித்திரப் படங்களைப் பற்றிப் பேசச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் சினிமாக்காரனும் இல்லை, விமர்சகனும் இல்லை. தோட்டக்கலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆனால் இந்த மாதிரிப் படம் பார்ப்பதில் எனக்கு ஒரு கூட்டாளி உண்டு. என் அக்கா. கோத்தகிரியில் தையல் கடை வைத்திருக்கிறாள். வாளோ, வில்லு வண்டியோ, தொப்பி வைத்த வெள்ளைக்காரத் துரையோ எது வந்தாலும் சரி, அந்தப் படத்தை நாங்கள் சேர்ந்துதான் பார்ப்போம். தனியாகப் பார்த்தால் பாதிப் படம்தான் தெரியும் என்பது என் கட்சி. மீதிப் பாதி பக்கத்தில் இருக்கிறவர் கண்ணுக்குத்தான் தெரியும்.

எப்படி என்று சொல்கிறேன். மலையில் பிறந்து வளர்ந்தவனுக்கு மரம் கண்ணில் படாமல் இருக்காது. திரையில் ராஜா குதிரையில் பாய்ந்து வருகிறார், காலம் ஆயிரம் வருஷத்துக்கு முந்தியது, பின்னால் வரிசையாகக் கற்பூர மரம்! தைல மரம் என்று மற்ற ஊரில் சொல்வார்களே, அதேதான். அது நீலகிரிக்கு வந்ததே 1843-ல், ஆஸ்திரேலியாவிலிருந்து. சீகை மரமும் அங்கிருந்து வந்ததுதான், டீத் தோட்டத்தில் நிழலுக்கு வைக்கிற சில்வர் ஓக்கும் அங்கிருந்து வந்ததுதான். ஒற்றன் ஒளிந்திருக்கிற புதரைப் பார்த்தால் உண்ணிச்செடி, அது அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. எந்தப் படம் என்று பெயர் சொல்ல மாட்டேன், ஒன்றிரண்டு என்றால் சொல்லலாம். நான் இதை எண்ணிக்கொண்டிருக்கும்போது அக்கா, "மரத்தை விடுடா, அந்தம்மா ரவிக்கையைப் பாரு" என்பாள். பார்த்தால் மகாராணியின் முதுகில் வரிசையாகக் கொக்கி, பக்கவாட்டில் ஓடுவது மிஷின் தையல். தையல் மிஷின் கடைத்தெருவுக்கு வந்ததே பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில். சிங்கர் தன் மிஷினுக்குக் காப்புரிமை வாங்கியது 1851-ல்.

சாயத்தில் அக்கா இன்னும் கறார். அவுரி நீலம் தெரியும், சாயவேர்ச் சிவப்பு தெரியும், மஞ்சள் தெரியும். ஆனால் கண்ணைப் பறிக்கிற வயலெட் நிறத்தில் ஒரு தோழிப்பெண் சாமரம் வீசினால், "இந்தப் பொண்ணு 1856-க்கு அப்புறம் பொறந்தவ" என்று சொல்லிவிடுவாள். அந்த வருஷம்தான் லண்டனில் வில்லியம் பெர்கின் என்கிற பதினெட்டு வயதுப் பையன், நிலக்கரித் தாரிலிருந்து கிடைத்த ஒரு பொருளை வைத்துக்கொண்டு முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்தான். அவன் செய்யப் பார்த்தது சாயமே இல்லை, மலேரியாவுக்கான கொய்னா மருந்து! அது வரவில்லை, அடியில் ஊதா நிறம் வந்தது. கொய்னா என்றதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். ஏனென்றால் அடுத்த சில வருஷத்திலேயே அதே கொய்னாவுக்காகத்தான் நம்ம தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் சிங்கோனா மரம் நட்டார்கள், நடுவட்டத்தில் மருந்துத் தொழிற்சாலையே கட்டினார்கள். அக்காவின் சாயமும் என் மரமும் ஒரே காய்ச்சலில் கிளம்பியவை என்று அன்றைக்கு ராத்திரி படத்தை நிறுத்திவிட்டுப் பேசிக்கொண்டிருந்தோம். ராணி கதி என்ன ஆயிற்று என்று மறுநாள்தான் பார்த்தோம்.

இப்படிக் குற்றம் கண்டுபிடிக்கிறவர்கள் படத்தை ரசிக்கவே மாட்டார்கள் என்று என் வீட்டுக்காரி சொல்வாள். அப்படி இல்லை. 1948-ல் வந்த சந்திரலேகாவை எடுத்துக்கொள்ளுங்கள், எஸ். எஸ். வாசன் எடுத்தது. எந்த தேசம், எந்த நூற்றாண்டு என்று கேட்டால் பதிலே கிடையாது, நடுவில் சர்க்கஸ் வேறு வருகிறது. அந்த முரசு நடனத்தில் ஆட்கள் முரசுக்குள்ளிருந்து குதித்து இறங்கும்போது எங்களில் யாராவது தையலைப் பார்ப்போமா? அது ராஜா ராணிப் படம், அதற்கு அந்தச் சலுகை உண்டு. கப்பலோட்டிய தமிழன் அப்படி இல்லை. அது நடந்த கதை. வ.உ.சி. 1906-ல் தொடங்கிய கப்பல் கம்பெனி, கோவைச் சிறையில் அவர் இழுத்த செக்கு, எல்லாம் நம்ம தாத்தா காலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே ஒரு சட்டைப் பொத்தான் தப்பாக இருந்தாலும் உறுத்தும். பந்துலு 1961-ல் எடுத்த படம். சிவாஜி செக்கிழுக்கிற இடத்தில் இன்றைக்கும் அக்கா எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவாள், பால் பொங்குகிறது என்று சொல்லிக்கொண்டு.

அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது எங்கள் அப்பா. இந்து நகர் பிலிம் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஊட்டிக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: போட்டோ பிலிம், எக்ஸ்ரே பிலிம் எல்லாம் ஒரு காலத்தில் இங்கே தயாரானது, இப்போது மூடிக் கிடக்கிறது. பிலிமுக்கு மருந்து பூசுகிற வேலை இருட்டில்தான் நடக்கும். பகல் முழுக்க இருட்டில் இருந்துவிட்டு வருகிற மனுஷன், சாயங்காலம் எங்களையும் கூட்டிக்கொண்டு மறுபடி இருட்டில் போய் உட்காருவார். அவர்தான் சொன்னார், கறுப்பு வெள்ளைப் படத்தில் பளிச்சென்று வெள்ளைச் சட்டை போட்டால் விளக்கு வெளிச்சத்தில் அது மட்டும் எரியும், முகம் இருண்டுவிடும், அதனால் சட்டையை லேசாக மங்கவைத்துத்தான் போடுவார்கள் என்று.

அது அக்கா மனதில் விழுந்து கிடந்திருக்கிறது. பின்னாளில் ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குச் சுதந்திரப் போராட்ட நாடகம் போட்டார்கள், உடுப்பு தைக்கிற வேலை அவளுக்கு வந்தது. கடையில் வாங்கின வேட்டி எல்லாம் பால் மாதிரி வெள்ளை. இதைக் கட்டிக்கொண்டு எவன் ஜெயிலுக்குப் போவான் என்று சொல்லிவிட்டு, பெரிய அண்டாவில் தண்ணீரைக் கொதிக்க வைத்து டஸ்ட் டீயைக் கைநிறைய அள்ளிப் போட்டாள். கோத்தகிரியில் டீத்தூளுக்கா பஞ்சம். வடிகட்டிய டிக்காஷனில், முதலில் தண்ணீரில் நனைத்த வேட்டியைப் போட்டுக் கம்பால் புரட்டிக்கொண்டே இருந்தாள். புரட்டாமல் விட்டால் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். சாயம் பிடிக்க அதில் கொஞ்சம் படிகாரம். எடுத்துப் பார்த்தால் நாலைந்து வருஷம் கட்டிக் கட்டிப் பழுத்த வேட்டி நிறம். அத்தோடு விட்டாளா, சட்டையின் முழங்கையையும் கழுத்துப்பட்டியையும் உப்புத்தாள் வைத்துத் தேய்த்து நைந்துபோகச் செய்தாள், கால் பக்கக் கரைக்கு மட்டும் இன்னொரு தடவை டிக்காஷன். சிக்கலே காயவைப்பதில்தான் வந்தது. ஜூலை மாத மூடுபனியில் எங்கே காயும்? வீடு பூராவும் கொடி கட்டி, கரியடுப்பை நடுவில் வைத்து, ஒரு வாரம் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் ஈர வேட்டியை விலக்கிக்கொண்டுதான் உள்ளே வந்தார்கள். சினிமா உடுப்புக்காரர்கள் துணியைப் பழசாக்க இதே டீத்தண்ணீர் வித்தையைச் செய்வார்கள் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரியும்.

அதனால் உடுப்புக்குத் தேசிய விருது என்று செய்தி வந்தால் எங்கள் வீட்டில் அது பெரிய செய்தி. ஹே ராமுக்கு சரிகா வாங்கினார். அப்புறம் 2013-ல் வந்த பரதேசிக்குப் பூர்ணிமா ராமசாமி. பரதேசி பார்த்த கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டாக்டர் பி. எச். டேனியல் 1969-ல் ஆங்கிலத்தில் எழுதிய நாவல், இரா. முருகவேள் தமிழில் 'எரியும் பனிக்காடு' என்று கொண்டுவந்தார், அதைத் தழுவி பாலா எடுத்தது. ஆனைமலைப் பக்கத்து எஸ்டேட் கதை. பஞ்சத்தில் கிடக்கிற கிராமத்துக்குக் கங்காணி வருவான், முன்பணம் கொடுப்பான், கூட்டிக்கொண்டு போவான், அந்தக் கடன் ஒருநாளும் தீராது. எங்கள் அம்மாவைப் பெற்ற பாட்டி திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலையேறியது இப்படி ஒரு கங்காணி பின்னால்தான். எந்த எஸ்டேட், எவ்வளவு கடன் என்று பாட்டி வாயைத் திறந்ததில்லை. எஸ்டேட் ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீட்டில் குளிருக்குச் சாக்கைப் போர்த்திக்கொண்டு படுத்ததை மட்டும் சொல்லியிருக்கிறது. படத்தில் அந்த ஜனங்கள் கந்தலோடு நடந்தே மலையேறும்போது நான் வழக்கம்போல மரத்தைத் தேடினேன். அக்கா துணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஆனால் ஒரு வார்த்தை பேசவில்லை. குறை சொல்ல ஒன்றும் இல்லையா என்று கேட்டதற்கு, "பாட்டி சேலை ஓரம் இப்படித்தான்டா கிழிஞ்சிருக்கும்" என்றாள். எனக்கு அந்தப் படத்தின் இரண்டாம் பாதியில் சில இடம் மிகைதான், அதை அவளிடம் சொன்னேன், சண்டையும் போட்டோம். ஆனால் விருது கொடுத்தவர்களுக்குக் கண் இருக்கிறது என்பதில் எங்களுக்குள் சண்டையே இல்லை.

நம்ம மலை ரயில் நடித்த படத்தைச் சொல்லாமல் போனால் குன்னூர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். டேவிட் லீன் எடுத்த கடைசிப் படம், 1984-ல் வந்தது, 'எ பாசேஜ் டு இந்தியா'. கதை 1920-களில் நடக்கிறது. அதில் டாக்டர் அஜீஸ் ஓடுகிற ரயிலின் வெளிப்புறமாகத் தொற்றிக்கொண்டு வருவார், அந்த ரயில் நம்முடையது. கதைப்படி அவர்கள் போவது மராபர் குகைகளுக்கு. படத்துக்கு மூலமான நாவலை எழுதியவர் மனதில் வைத்திருந்தது பீகாரில் உள்ள பராபர் குகைகளை. படம் எடுத்ததோ பெங்களூர்ப் பக்கம் பாறைகளில். ஆக, நீலகிரியில் ஏறினவர்கள் கர்நாடகத்தில் இறங்கி பீகாரைச் சுற்றிப் பார்க்கிறார்கள்! மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது நம்ம இன்ஜின் பின்னாலிருந்து தள்ளும், தண்டவாளத்துக்கு நடுவில், இன்ஜினின் பல்சக்கரம் கடித்து ஏறுவதற்கான பல்சட்டம் ஓடும், சமவெளியில் எந்த ரயிலுக்கு அது உண்டு? இதையெல்லாம் நான் அடுக்கியபோது அக்கா கேட்டாள், "ரயில் பழசுதானே? அந்தக் காலத்துக்குச் சரிதானே? அப்புறம் என்ன?" குன்னூர் வரை பாதை திறந்தது 1899, ஊட்டி வரை 1908. காலக்கணக்குப்படி அவள் சொல்வது சரிதான். பூகோளக் கணக்கில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஹே ராமை மறுபடி பார்ப்பதாகத் திட்டம், கோத்தகிரியில், அவள் வீட்டில். நிபந்தனை போட்டிருக்கிறாள்: பாட்டு ஓடும்போது நிறுத்தக் கூடாது, மரத்தைப் பற்றி இடைவேளையில்தான் பேச வேண்டும். உங்கள் வீட்டிலும் அக்கா தம்பி, அண்ணன் தங்கை யாராவது பேச்சுவார்த்தை குறைந்து கிடந்தால் ஒரு பழைய சரித்திரப் படத்தைப் போட்டுப் பக்கத்தில் உட்கார வையுங்கள். முதல் சண்டை கால் மணி நேரத்தில் வந்துவிடும், அதற்கு நான் பொறுப்பு. நன்றி, வணக்கம்.